கடைசி வண்டிக்காக ஒரு ஃபோர்-ஸ்ட்ரோக்

காசு கொடுத்துச் சேற்றில் விழ ஆசைப்படுகிறவர்களைச் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குள் கூட்டிப்போய், விழுந்தால் தூக்கிவிட்டு, போன எண்ணிக்கை குறையாமல் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது எங்கள் தொழில். இந்தத் தொழிலில் அநியாயத்துக்கு ஆளானவள் நான். செய்தவர் குணா அண்ணன். நான் கேட்ட ஒரே ஒரு வேலையைத் தராமல் இருப்பதற்கு அவர் ஒரு காரணம் சொன்னார். அந்தக் காரணத்தை நான் பாடுபட்டு இல்லாமல் ஆக்கியதும், கொஞ்சமும் கூசாமல் இன்னொரு காரணம் சொன்னார்.

உங்களுக்கும் இப்படி ஒரு குணா அண்ணன் இருப்பார். அலுவலகத்தில் மேலாளராக இருக்கலாம், வீட்டில் மாமாவாக இருக்கலாம், கோயில் கமிட்டியில் செயலாளராக இருக்கலாம். முதலில் இதை முடி, அப்புறம் பார்க்கலாம் என்பார். முடித்துவிட்டுப் போய் நின்றால் அந்த 'அப்புறம்' இன்னும் நாலடி தள்ளிப் போயிருக்கும். அப்படி யாரிடமாவது சிக்கியிருந்தால் நீங்கள் என் சொந்தக்காரர். மேலே படியுங்கள்.

மலேசியாவில், ஜோகூர் மாநிலத்துக் காஹாங் பக்கத்தில் குணா அண்ணனுக்கு ஒரு ஸ்கிரம்பளர் பட்டறை இருக்கிறது. சேற்றுக்கும் மேட்டுக்கும் என்றே செய்த உயரமான மோட்டார் சைக்கிளைத்தான் எங்கள் ஊரில் ஸ்கிரம்பளர் என்போம். ஞாயிறுதோறும் ஜோகூர் பாருவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அனுமதி வாங்கிய தோட்டப் பாதைகளில் அவர்களை வரிசையாகக் கூட்டிப்போவோம். முதல் வண்டி குணா அண்ணன். கடைசி வண்டி, பட்டறையில் மெக்கானிக்காக இருக்கும் ஸாக்கி அபாங்; மலாயில் அபாங் என்றால் அண்ணன். நான், யோகேஸ்வரி, ரசாயனப் பொறியியல் மூன்றாம் ஆண்டு. வார நாட்களில் பல்கலைக்கழகம், வார இறுதியில் மூன்றாவது வண்டி.

மூன்றாவது வண்டிக்கு ஒரு வேலையும் கிடையாது. முன்னால் ஆள், பின்னால் ஆள், நடுவில் ரொட்டிக்குள் வைத்த சார்டின் மாதிரி நான். வரிசையில் உண்மையான வேலை கடைசி வண்டிக்குத்தான். கயிறு, டியூப், ஸ்பேனர் எல்லாம் அதில்தான் வரும். விழுந்தவரைத் தூக்குவது, நின்றுபோன மோட்டாரைக் கிளப்புவது, பயந்தவரிடம் பேச்சுக் கொடுப்பது, யாரையும் விட்டுவிட்டு வராமல் இருப்பது, அத்தனையும் அதன் பொறுப்பு. முதல் வண்டிக்குப் பாதை தெரிந்தால் போதும். எனக்குக் கடைசி வண்டி வேண்டும் என்று கேட்டேன்.

அப்போது என்னிடம் இருந்தது ஒரு நூற்றிருபத்தைந்து சிசி டூ-ஸ்ட்ரோக். முறுக்கிப் பிடித்தால் பறக்கும். மெதுவாகப் போகச் சொன்னால் இருமும், பிளக்கில் கரி பிடித்து நின்றுவிடும். கடைசி வண்டி என்பதோ கூட்டத்திலேயே மெதுவான ஆளுக்குப் பின்னால் மூன்று மணி நேரம் ஊர்வது. இதைச் சொல்லித்தான் அண்ணன் மறுத்தார். காரணம் நியாயமானது என்பதால் எனக்கு இன்னும் அதிகமாகக் கோபம் வந்தது. அவர் சொன்னது இதுதான்:

"முதல்ல ஒரு டூ-ஃபிஃப்டி ஃபோர்-ஸ்ட்ரோக் எடுத்து ஓட்டிப் பழகு மா. அப்புறம் பேசலாம்."

காரணம் நம்பர் இரண்டு

எடுத்தேன். டூ-ஸ்ட்ரோக்கை ஒருவருக்குத் தள்ளிவிட்டு, கூலாயில் ஒருவர் பெண்டாட்டிக்குப் பயந்து விற்ற பழைய இருநூற்றைம்பது ஃபோர்-ஸ்ட்ரோக்கை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அதைவிடப் பெரியது எடுத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நானூற்றைம்பது மோட்டார் நம்மை ஓட்டும், நாம் அதை ஓட்ட முடியாது. சனிக்கிழமை மோட்டோகிராஸ் என்கிற மண்மேட்டுப் பந்தயத் திடலில் மேடு தாண்டவும் ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் ஊரவும் ஒரே மோட்டார் வேண்டும் என்றால் இருநூற்றைம்பதுதான். யாரோடு வேண்டுமானாலும் இதை நான் வாதாடத் தயார். வாதாடியும் இருக்கிறேன்.

குணா அண்ணன் மோட்டாரைச் சுற்றி வந்தார். செயினைத் தொட்டுப் பார்த்தார், எண்ணெயை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார், நல்ல மோட்டார் என்றார். பிறகு, இது உனக்குக் கனம் என்றார். நீங்கள்தானே எடுக்கச் சொன்னீர்கள் என்றேன். ஓட்டச் சொன்னேன், கடைசி வண்டி என்றால் அடுத்தவர்கள் மோட்டாரையும் சேர்த்துத் தூக்க வேண்டுமே என்றார். பட்டறை வாசலில் மோட்டாரைப் படுக்க வைத்தேன். ஹேண்டிலைத் திருப்பி, சீட்டுக்கு முதுகைக் கொடுத்து, காலால் உந்தித் தூக்கி நிறுத்தினேன். மறுபடி படுக்க வைத்தேன். மறுபடி தூக்கினேன். வந்திருந்தவர்கள் எல்லாரும் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். பத்துவரை எண்ணினார்கள். அண்ணன் தே தாரிக் டீயை உறிஞ்சியபடி கடைசிவரை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நல்லாத்தான் தூக்குற. ஆனா இங்க தரை சமமா இருக்கே மா."

சோற்றிலும் எண்ணெய்

டூ-ஸ்ட்ரோக்கில் இரண்டு வருடம் ஓட்டியவர்களுக்குக் கை தனியாக யோசிக்கும். டூ-ஸ்ட்ரோக்குக்குப் பெட்ரோலிலேயே என்ஜின் எண்ணெயை அளந்து கலந்து ஊற்ற வேண்டும். ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு எண்ணெய் என்ஜினுக்குள்ளேயே தனியாக இருக்கிறது, பெட்ரோல் பெட்ரோலாகவே போகும். இதை நான் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் படம் போட்டு விளக்குவேன். அந்த ஞாயிறு காலையும் அதைத்தான் விளக்கிக்கொண்டிருந்தேன். ஃபோர்-ஸ்ட்ரோக் ஏன் புகை விடாது, நாற்றம் அடிக்காது என்று ஒருவருக்குப் பாடம் நடத்திக்கொண்டே, என் கை, அளவுக் குவளையை எடுத்தது, கண்ணுக்கு நேரே பிடித்து அளவு பார்த்தது, டூ-ஸ்ட்ரோக் எண்ணெயைப் பெட்ரோல் கேனில் ஊற்றியது, மூடி நன்றாகக் குலுக்கவும் செய்தது. வாய் மட்டும் நிற்கவில்லை.

தோட்டத்துக்குள் நுழைந்து பத்து நிமிடத்தில் எனக்குப் பின்னால் வந்தவர் தலைவலிக்கிறது என்று நிறுத்திவிட்டார். என் புகைக்குழாயிலிருந்து நீலமாக ஏதோ வந்துகொண்டிருந்தது. கடைசியிலிருந்து வந்த ஸாக்கி அபாங் மண்டியிட்டு, குழம்பு வாசம் பிடிக்கிற மாதிரி முகர்ந்து பார்த்தார். அவர் சாஆ என்கிற ஊர்ப் பக்கம் தோட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவர். என்னைவிடச் சரளமாகத் தமிழ் பேசுவார், என்னைவிடக் கம்மியாகப் பேசுவார். டேங்கைக் கழற்றி வடித்து, தன்னிடமிருந்த மாற்றுப் பெட்ரோலை ஊற்றிக் கொடுத்தார். குணா அண்ணனிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். தலையாட்டினார். சிரிக்கவே இல்லை.

"அதுக்கு வயித்துக்குள்ளயே எண்ணெய் இருக்கு, யோகேஸ். நீ சோத்துலயும் ஊத்திட்ட."

கரும்புச்சாறு ஆன்ட்டி

டூ-ஸ்ட்ரோக்கில் கையை மூடினால், அதாவது முறுக்கிய ஆக்சிலரேட்டரைத் திருப்பி விட்டால், மோட்டார் அதுபாட்டுக்கு உருண்டு போகும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் கையை மூடினால் யாரோ பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுக்கிற மாதிரி என்ஜினே வேகத்தைக் குறைக்கும். தோட்டத்து இறக்கத்தில் அது சுகம், பிரேக்கே தேவையில்லை. மோட்டோகிராஸ் திடலில் மேடு தாண்டும்போது அது வேறு கதை. குளுவாங் பக்கம் இருக்கும் ஒரு திடலில் சனிக்கிழமை பயிற்சிக்குப் போனேன். இனிமேல் யாரும் எனக்குக் கனம் என்று சொல்லிவிடக் கூடாது என்று தனியாகவே போனேன். பெரிய மேட்டின் நுனியில், பழைய பழக்கத்தில், கையை மூடினேன். மோட்டாரின் மூக்கு குனிந்தது. நான் அதன் தலைக்கு மேலே போனேன். மோட்டார் நின்றபடியே இறங்கி, ஆளில்லாமல் கொஞ்ச தூரம் மரியாதையாக ஓடிவிட்டுப் பிறகுதான் படுத்தது.

எழுந்து உடம்பைத் தொட்டுப் பார்த்தேன், எல்லாம் அததன் இடத்தில் இருந்தது. அந்த மேட்டுக்கு நேர் எதிரே ஒரு சீன ஆன்ட்டி கரும்புச்சாறு விற்கிறார். வாழ்நாளில் மோட்டார் ஓட்டியதில்லை என்று அவரே சொல்வார். முழங்கையில் வைக்க ஐஸ் கேட்டேன். நான் கேட்பதற்கு முன்பே ஒரு பொட்டலம் கட்டித் தயாராக வைத்திருந்தார். மலாயில் அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்:

"நுனியில கையை மூடாத, பொண்ணு. இங்க உக்காந்து தினமும் பாக்குறேன். மூடுறவங்கதான் நேரா வந்து என்கிட்ட ஐஸ் கேக்குறாங்க."

திரும்பிப் போய் அதே மேட்டில் கையைத் துளி திறந்தபடியே ஏறினேன். மோட்டார் தட்டையாகப் பறந்து தட்டையாக இறங்கியது. அன்று சாயங்காலம்வரை ஓட்டினேன். டூ-ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கியர் தேட வேண்டும், கிளட்சைக் கெஞ்ச வேண்டும். இது மூன்றாவது கியரில் அடியிலிருந்தே இழுத்துக்கொண்டு வெளியே வந்தது. பின் டயர் மண்ணைக் கவ்வுவது சீட்டு வழியாகவே தெரிந்தது. எனக்கு இந்த மோட்டாரின் மேல் உண்மையாகவே பிரியம் வந்தது அன்றைக்குத்தான். அதற்குமுன் அது வாதத்துக்காக வாங்கிய மோட்டார்.

பாதி உதை

சிங்கப்பூரிலிருந்து ஒருவர் வந்தார். தலை முதல் கால்வரை புதுசு. ஸ்டிக்கர்கூட உரிக்கவில்லை. காலையில் பாதை விதிகளை நான்தான் எல்லாருக்கும் சொல்வேன். சொல்லி முடித்ததும், நன்றி, கைட் எப்போது வருவார் என்று என்னிடமே கேட்டார். வந்துவிட்டார் என்றேன். சுற்றிப் பார்த்தார்.

மதியத்துக்குள் ஒரு செம்மண் ஏற்றத்தில் அவருடைய வாடகை மோட்டார் சூட்டோடு நின்றுவிட்டது. அதுவும் ஃபோர்-ஸ்ட்ரோக், உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். உதைக்கும்போதெல்லாம் கையை முறுக்கினார். முறுக்காதீர்கள், ஒவ்வொரு முறுக்குக்கும் கார்புரேட்டர் ஒரு மடக்குப் பெட்ரோலை உள்ளே பீய்ச்சும், என்ஜின் மூழ்கிவிடும் என்றேன். இதே தப்பைச் செய்து நானே ஒரு மத்தியானம் முழுக்க உதைத்தவள் என்பதை மட்டும் சொல்லவில்லை. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே மோட்டார் ஓட்டுகிறாராம். எனக்கு இருபத்திரண்டு, அவருக்கு முப்பதுக்குள்தான் இருக்கும். அப்படியானால் பாலர் பள்ளிக்கு மோட்டாரில்தான் போயிருக்க வேண்டும் என்று கணக்குச் சொன்னேன். உதைத்தார், உதைத்தார், ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு உதைத்தார். கடைசியில் ஒரு செம்பனை மட்டையின் மேல் உட்கார்ந்தார், முள் என்று தெரிந்ததும் எழுந்தார். ஸாக்கி அபாங் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் கையை முழுக்கத் திறந்து பிடித்து, நாலு உதை மெதுவாக உதைத்து, உள்ளே தேங்கிய பெட்ரோலை வெளியேற்றினேன். பிறகு கையை மூடி, அழுத்தம் தட்டும் இடம்வரை மிதியை இறக்கி, ஒரே உதை. கிளம்பிவிட்டது. அவர் கையுறையைப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"நான் பாதி உதைச்சு வச்சிருந்தேன்ல, அதான் உங்களுக்கு ஈஸியா வந்துருச்சு."

வாஷிங் மெஷின்

எங்கள் வீடு பாசிர் கூடாங்கில். அப்பா தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, இருபது வருடமாக ஒரே குட்டி மோட்டாரில் போய் வருகிறவர். மோட்டார் விஷயத்தில் அவருக்கு என்மேல் ஒரே ஒரு வருத்தம்தான்: நாலைந்து ஓட்டத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுகிற மோட்டாரையும் ஒரு மோட்டார் என்கிறாளே என்று. அம்மாவின் வருத்தம் வாஷிங் மெஷின். காஹாங் செம்மண் அதன் அடியில் இறுகி, ஒருநாள் மெஷின் சுற்றாமல் நின்றுவிட்டது. பழுதுபார்க்க வந்தவர் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துக் காட்டி, வீட்டில் யாராவது கட்டட வேலையா என்று கேட்டுவிட்டார்.

அன்று அம்மாவுக்கு முழுவதையும் விளக்கினேன். குணா அண்ணனின் முதல் காரணம், இரண்டாம் காரணம், தரை சமமாக இருப்பதைப் பற்றிய மூன்றாம் காரணம், கடைசி வண்டி என்றால் என்ன, அது எனக்கு ஏன் வேண்டும், எல்லாம். அம்மா துணியைப் பிழிந்துகொண்டே பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும் அப்பாவின் பக்கம் திரும்பினார்:

"கிளாஸ்ல முதல்ல வாடி, முதல்ல வாடின்னு பதினஞ்சு வருஷமா நான் தொண்டை கிழியக் கத்துனேங்க. இவ இப்ப கடைசியில வர்றதுக்கு ஒருத்தர்கிட்ட மல்லுக்கு நிக்கிறா."

இன்றைக்கு மட்டும்

ஸாக்கி அபாங்குக்கு மூன்றாவது மகள் பிறந்தாள். வெள்ளிக்கிழமை பிறந்தவள் ஞாயிற்றுக்கிழமை எனக்கு வழிவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். குணா அண்ணன் காலையில் பட்டறையில் இருந்த எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். வேறு ஆள் இல்லை. கயிறும் ஸ்பேனரும் இருந்த பையை, பக்கத்து வீட்டுக்காரிக்கு நகை இரவல் கொடுக்கிற முகத்தோடு, என்னிடம் நீட்டினார். இன்றைக்கு மட்டும் என்றார். சரி என்றேன். ஒரு முழு நாள் கையில் கிடைத்தால் போதும், மற்றதை அப்புறம் வாதாடிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் இன்று ஏதாவது ஒன்று தப்பினால் ஆயுசுக்கும் மூன்றாவது வண்டிதான் என்பதும் தெரியும்.

வந்திருந்தவர்கள் எட்டுப் பேர். அதில் மெதுவானவர் ஜோகூர் பாருவில் பல் மருத்துவமனை வைத்திருக்கும் ஒரு செட்டிநாட்டு அம்மா. ஐம்பது தாண்டியவர், எல்லாருக்கும் ஆச்சி. வாடகைக்கு எடுத்த சின்ன ஸ்கிரம்பளரிடம் நோயாளியிடம் பேசுகிற மாதிரியே பேசிக்கொண்டு ஓட்டினார்: கொஞ்சம் பொறுத்துக்கோ, இதோ முடிஞ்சிரும். அவருக்குப் பின்னால் இரண்டு மணி நேரம் முதல் கியரில் ஊர்ந்தேன். என் மோட்டார் ஒருமுறைகூட இருமவில்லை. ஏற்றங்களில் மூன்று இடத்தில் ஆச்சி விழுந்தார், மூன்று முறையும் அவருடைய மோட்டாரைத் தூக்கினேன். மூன்று இடத்திலும் தரை சமமாக இல்லை. அதைப் பார்க்க வேண்டியவர் மட்டும் அங்கே இல்லை.

எங்கள் வரிசையில் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு சந்திப்பிலும் முதல் வண்டி நிற்கும், எல்லாரும் வந்து சேர்வார்கள். கடைசி வண்டி வந்து, தலைகளை எண்ணிப் பார்த்து, இடது கையைத் தூக்கும். அந்தக் கை எழும்வரை முதல் வண்டி நகராது. தலையில் ஹெல்மெட், சுற்றிலும் என்ஜின் சத்தம், வாயால் சொன்னால் யாருக்கும் கேட்காது. செம்பனைத் தோட்டத்தில் எல்லா வரிசையும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு வரிசை தப்பித் திரும்பியவர் சாயங்காலம்வரை சுற்றலாம். வந்தவர்கள் எல்லாரும், சேற்றுக்குப் பயந்து, கைப்பேசியைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வருவார்கள்.

மூன்றாவது சந்திப்பில் எண்ணினேன். ஏழு. மறுபடி எண்ணினேன். ஏழு. கரீம் பாயைக் காணோம். குளுவாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர், ஆரஞ்சு நிறச் சட்டை போட்டிருந்தார், கண்ணுக்குத் தப்பவே முடியாத நிறம். ஜோகூர் பாரு குத்தகைக்காரர் சந்திரன் சார், பாய் அப்போதே பசிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார், தோட்ட ஆபீஸ் பாதையில் டவுனுக்குப் போயிருப்பார் என்றார். போனதைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்க்கவில்லை, பசிக்கிறது என்று சொன்னதைத்தான் கேட்டாராம். பசிக்கிறது என்று சொன்னவர் எல்லாம் கடையில்தான் இருப்பார் என்றால் பாதி மலேசியா இப்போது கடையில்தான் இருக்க வேண்டும் என்றேன். மழை பிடித்துக்கொண்டது. குணா அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நடந்து வந்தார். பாய் இதற்குமுன்பும் இப்படிக் கழன்றுகொண்டவர்தான், கையைத் தூக்கு மா, போகலாம் என்றார்.

"பாக்காம தூக்க மாட்டேன், அண்ணே."

மற்றவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் வந்த வழியே திரும்பினேன்.

ஈரச் செம்மண்ணில் ஏறினால் பின் டயர் ஒருபக்கம் போகும், நாம் ஒருபக்கம் போவோம். இரண்டாவது கியரில் கையை இம்மி இம்மியாகத் திறந்து போனேன். ஒவ்வொரு வரிசைக்கும் நிறுத்தி, என்ஜினை அணைத்து, பாய், பாய் என்று கூப்பிட்டேன். மழை மட்டும்தான் பதில் சொன்னது. வாய்க்கால் தென்பட்ட இடத்தில் எல்லாம் இறங்கிப் பார்த்தேன். மோட்டாருக்கு அடியில் கால் சிக்கி, ஆரஞ்சுச் சட்டை தண்ணீரில் கிடப்பது போலவே கண்ணுக்குள் தெரிந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் கடைசி வண்டி, மூன்றாவது வண்டி எதுவும் ஞாபகத்தில் இல்லை. இரண்டாவது சந்திப்பு, ஒருவேளை திரும்பிப் போயிருப்பாரோ என்று முதல் சந்திப்பு, திரும்ப அதே வழி. முக்கால் மணி நேரம். யாரும் இல்லை.

திரும்பி வரும்போது அவர்கள் எனக்காகக் காத்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். இருந்தார்கள். ஏழு பேரும் செம்பனைக்குக் கீழே நின்றார்கள். அங்கே நின்றால் மழை இரண்டு மடங்காகச் சொட்டும். குணா அண்ணன் மட்டும் பாதை நடுவில், தன் மோட்டாரின் மேல், நான் விட்டுப்போன இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. கையைத் தூக்கவில்லை. அவரும் இரண்டாம் முறை கேட்கவில்லை. ஆச்சி மட்டும் தன் பையிலிருந்து ஒரு சீடைப் பொட்டலத்தை எடுத்து எனக்கு நீட்டினார்.

அப்போது செம்பனைக் குலைகளை ஏற்றப் போகும் தோட்டத்து டிராக்டர் வந்தது. ஓட்டி வந்தவரை மறித்துக் கேட்டேன். ஆரஞ்சுச் சட்டையா, டவுனில் ரொட்டிக் கடையில் உட்கார்ந்திருக்கிறார், பருப்புக் குழம்பில் தண்ணீர் அதிகம் என்று சமையல்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார், நான் இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தேன் என்றார்.

கையைத் தூக்கினேன்.

பட்டறைக்கு வந்து சேர்ந்தபோது பாய் எங்களுக்கு முன்பே வந்து, எல்லாருக்கும் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் பொட்டலங்களோடு காத்திருந்தார். ஏன் இவ்வளவு நேரம், ரொட்டி ஆறிவிட்டதே என்று எங்களைக் கேட்டார். விஷயம் தெரிந்ததும் என்னிடம் மூன்று முறை மன்னிப்புக் கேட்டார், ஒரு பொட்டலம் கூடுதலாகக் கொடுத்தார். ஆச்சி தன் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டே, மேட்டில் தன்னை மூன்று முறை தூக்கிவிட்ட கதையைக் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னார். சந்திரன் சார் மட்டும் பொட்டலத்தைத் தொடவில்லை. சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டக் குணா அண்ணனின் முன்னால் போய் நின்றார். ஒரு மணி நேரம் மழையில் நிறுத்தி வைத்தாள், நான் சொன்னது போலவே பாய் கடையில்தான் இருந்தார், அடுத்த வாரமும் இந்தப் பெண்தான் கடைசி வண்டி என்றால் நான் வரமாட்டேன் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

என்னிடம் நாலு வாதம் தயாராக இருந்தது. நாலும் நல்ல வாதம். ஆனால் பாய் கடையில்தான் இருந்தார், அதை எந்த வாதத்தாலும் மாற்ற முடியாது. இன்றைக்கு மட்டும் என்று காலையில் சொன்னவர் இதோ அதையே திரும்பச் சொல்லப் போகிறார் என்று நின்றேன். வாதாடிப் பெறுவதற்காகவே ஒரு மோட்டார் வாங்கியவள், வாங்கிய பிறகு முதல்முறையாக வாயைத் திறக்காமல் இருந்தேன் என்பதைச் சக பாதிக்கப்பட்டவர்களின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

குணா அண்ணன் குனிந்து தன் செயினிலிருந்து சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்:

"சரிங்க சார். அடுத்த வாரம் ஒரு ஆள் குறைச்சலாப் போறோம். எண்ணுறதுக்குத்தான் அவ இருக்காளே."